பற்றுதலும் விடுதலும்



தமிழ்த்துறை வெளியிடும் இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனத் துறைத்தலைவர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள்கள் தடுமாறினேன். உமறுப் புலவரின் புலமையைப் பற்றியோ, குணங்குடி மஸ்தான் சாகிபுவின் ஞானநெறியைப் பற்றியோ ஆழ்ந்து எழுதவல்ல பேராசிரியப் பெருமக்கள் இங்கேயே இருக்கின்றனர். நானோ கடலூர் முதுநகரில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்கு நன்கு தெரிந்த பொருள்கள் இரண்டு. ஒன்று, பத்தாம் வகுப்பு இலக்கணம். மற்றொன்று, என் மொபெட்டின் கிளட்ச். முன்னதை என் மாணவர்கள் போதிய அளவு அனுபவித்துவிட்டனர். ஆகவே பின்னதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

இத்துணிவுக்கு ஒரு காரணமும் உண்டு. துபாயில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். விடுமுறை நாள்களில் பாலைவன மணலில் ஓட்டுவதற்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி, அதற்குத் தானியங்கிக் கிளட்ச் ஒன்றையும் வாங்கிப் பொருத்தியிருக்கிறார். “ஐயா, வண்டியை நிறுத்தி வைத்தாலும் முன்னால் நகர்கிறது. நீங்கள் அந்த மொபெட்டைப் பிரித்து மாட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். என்ன செய்யலாம்?” என்று கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடையை இறுதியில் கூறுகிறேன். அவ்விடையை நான் கற்றுக்கொண்ட கதை நெடியது.

1996ஆம் ஆண்டின் கோடையில், பரங்கிப்பேட்டையில் எங்கள் உம்மா வீட்டுக் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்கும் கப்பிக்கும் இடையே என் இடக்கை சிக்கிக்கொண்டது. காயம் ஆறிற்று. ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கும் ஆற்றலை இழந்தன. எழுதுவது வலக்கை; ஆதலால் பிழைப்புக்குக் கேடில்லை. ஆனால் நான் அப்போது வைத்திருந்தது கியர் வண்டி. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்ல ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர் என ஒவ்வோர் ஊரிலும் மாட்டுவண்டிக்கும் பேருந்துக்கும் ஒதுங்கி, நூறுமுறை கிளட்சைப் பிடித்து நூறுமுறை விட வேண்டும். எஞ்சிய இரு விரல்களால் அது இயலவில்லை. வண்டியை விற்றுவிட்டேன். ஞாயிறுதோறும் உம்மாவைப் பார்க்கப் பேருந்தில் சென்றேன். அடுத்தவர் வண்டியின் பின்னிருக்கையில் உட்காரும்போதெல்லாம் என் மனம் சுருங்கிற்று. அதை வெளியில் சொல்லவும் நாணினேன்.

அக்காலத்தில்தான் முதுநகரில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி ஒருவர் என் குறையைக் கண்டுகொண்டார். மீனவக் குடும்பத்தில் பிறந்து, படகு இயந்திரங்களில் தொழில் பழகி, பின்னர் இருசக்கர வண்டிகளுக்கு மாறியவர். என்னைவிட மூத்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன்; அவர் என்னை ‘வாத்தியார்’ என்பார். பட்டறை மூலையில் நின்ற பழைய டி.வி.எஸ். 50 ஒன்றைக் காட்டி, “வாத்தியார், இதுக்குக் கிளட்ச் பிடியே கிடையாது. இடது கைப்பக்கம் பிரேக் மட்டும்தான். அதை உங்க ரெண்டு விரலுக்கு எட்டுற மாதிரி நான் கிட்டக் கொண்டுவந்து தர்றேன்” என்றார்.

ஓசூரில் 1980ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கிய அந்த மொபெட்டை அறியாத தமிழர் இலர். இருவர் அமரத்தக்க மொபெட் இந்தியாவில் அதுவே முதலாவது. பால் விற்பவரும், மீன் கூடை கட்டியவரும், துணிமூட்டை ஏற்றியவரும் கியர் என்னும் சொல்லையே அறியாமல் அதை ஓட்டினர். அதற்கும் முன்னர், 1958இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்னும் வண்டி, கியர் இருந்தும் கிளட்ச் பிடி இல்லாமல் வந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் அவ்வகை வண்டிகள் 10 கோடிக்கு மேல் உருவாகிவிட்டன. கையின் வேலையை இயந்திரமே செய்துகொள்ளும் இச்சிறிய உத்திதான் எளிய மனிதர்களைப் பாதையில் ஏற்றியது என்பது என் கருத்து.

கிளட்சை ‘உரசிணைப்பி’ எனத் தமிழாக்குவோர் உண்டு. நல்ல சொல்லே. இயந்திரத்தின் சுழற்சியைச் சக்கரத்தோடு உரசி இணைப்பது அதன் தொழில். அதை எப்படிக் கையில்லாமல் செய்ய முடிகிறது என்று நான் கேட்டபோது, மேஸ்திரி உறையைக் கழற்றிக் காட்டி, “கந்தூரித் திடல்ல ராட்டினம் பார்த்திருக்கீங்கல்ல? சுத்தச் சுத்த நாற்காலி வெளியே விரியும். நின்னா உள்ளே வந்துரும். அவ்வளவுதான்” என்றார்.

அவ்வளவுதான். இயந்திரத்தின் அச்சு முனையில் பிறை வடிவக் கட்டைகள் இருக்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தில் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். சிறு சுருள்வில்கள் அவற்றை உள்நோக்கி இழுத்து வைத்திருக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து ஒரு கிண்ணம். அக்கிண்ணம் பற்சக்கரங்கள், சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தோடு தொடர்புடையது. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது வில்லின் இழுப்பு வெல்லும், வண்டி நிற்கும். கைப்பிடியை முறுக்கினால் சுழற்சி மிகும், மையவிலக்கு விசை வில்லை வெல்லும், கட்டைகள் விரிந்து கிண்ணத்தைப் பற்றும், வண்டி நகரும். சுழற்சி இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். ஆதலால் பற்றத் தொடங்கிய கட்டை, வேகம் சற்று ஏறியதுமே இறுகப் பற்றிக்கொள்கிறது.

அந்த வண்டி எனக்குப் பாதையைத் திருப்பித் தந்தது. முதன்முறை அதை ஓட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டை சென்றபோது, உம்மா வாசலில் நின்று என் கையைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று நான் பெற்ற மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் மனித மனம் பெற்றதில் நிறைவு கொள்வதில்லை. கடற்கரையோரச் சிற்றூர்களுக்குச் செல்லும் மணற்பாதைகளில் என் வண்டி திணறியது. மணலில் சக்கரம் புதையும். கிளட்சோ குறைந்த வேகத்திலேயே பற்றிக்கொள்ளும். இயந்திரம் மூச்சடைத்து நிற்கும். வலிமையான வில்களைப் போட்டால் இயந்திரம் வேகமெடுத்து முழுவலிமை பெற்ற பின்பே கட்டைகள் பற்றும், மணலிலிருந்து வண்டி துள்ளி எழும் என்று யாரோ சொல்லக் கேட்டேன். மேஸ்திரியிடம் கேட்டபோது அவர் தலையசைத்து மறுத்தார்.

“புறப்படுறதுக்கு நல்லாத்தான் இருக்கும் வாத்தியார். ஆனா சுமை ஏத்திக்கிட்டு மெதுவாப் போகையில என்ன ஆகும்? முழுசாப் பிடிக்கிற வேகம் வராது. முழுசா விடவும் விடாது. கட்டை முழுசாப் பிடிச்சா சூடு கிடையாது. முழுசா விட்டாலும் சூடு கிடையாது. அரைப்பிடிதான் எரிக்கும்.”

அச்சொற்களின் பொருளை உணரும் பக்குவம் அன்று எனக்கு இல்லை. படித்தவன் என்னும் செருக்கு இருந்தது. 2003ஆம் ஆண்டில் ஒருநாள் சிதம்பரம் சென்றபோது, அவருக்குத் தெரியாமல் கடினமான வில்களை வாங்கி, வேறோர் இடத்தில் சொல்லிப் பொருத்திக்கொண்டேன். பொருத்தியவர்மீது குற்றமில்லை; கேட்டதைச் செய்தார். மணலில் வண்டி உண்மையிலேயே துள்ளி எழுந்தது. ஓராண்டுக்கு மேல் நான் என் அறிவை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்திய மாலையே உம்மாவைப் பார்க்கச் சென்றிருந்தேன். காலையில் கடல் ஊருக்குள் வந்தது என்னும் கூக்குரல் கேட்டது. கரையோரக் குப்பங்களிலிருந்து மக்கள் ஈரத் துணியோடும், பெயர் சொல்லி அழைக்கும் ஓலத்தோடும் பரங்கிப்பேட்டைக்குள் ஓடிவந்தனர். ஜமாஅத்தார் கூடினர். உறைவிடங்கள் திறக்கப்பட்டன, பெரிய சட்டிகள் அடுப்பேறின. கடலோர மீனவர்களுக்கு எங்கள் ஊர் ஜமாஅத் அந்நாள்களில் அளித்த உணவும் உறைவிடமும் பின்னர் நாடறிந்த செய்தியாயிற்று.

உறவினரைத் தேடிக் குப்பங்களிலேயே தங்கிவிட்டவர்களுக்கும் உணவும் நீரும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் முன்வந்தோம். என் மொபெட்டின் முன்புறத்தில் ஒரு சோற்றுச் சட்டியும், பின்புறத்தில் நான்கு நீர்க் கேன்களும் கட்டப்பட்டன. “இரண்டு போதும், இரு நடையாகக் கொண்டு போகலாமே” என்றார் ஒரு பெரியவர். என் வண்டியின் கிளட்ச் மாற்றப்பட்டது என்று பெருமையுடன் சொல்லிப் புறப்பட்டேன்.

கடல் விட்டுச்சென்ற மணலும் சேறும் பாதையை மூடியிருந்தன. சிதறிக் கிடந்த பொருள்களுக்கிடையே நடக்கும் வேகத்தில்தான் செல்ல முடிந்தது. இயந்திரம் அலறியது, வண்டியோ ஊர்ந்தது. எண்ணெய் கருகும் நெடி எழுந்தது. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று முறுக்கினேன். குப்பத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, இயந்திரம் மட்டும் வெற்றோசையுடன் சுழன்றது. சக்கரம் திரும்பவில்லை.

அவ்விடத்தில் நான் நின்ற நிலையை எப்படி எழுதுவேன்! எதிரே முதியவர் ஒருவரும் இளைஞர் இருவரும் வந்தனர். முதியவரின் தோளில் சேறு காய்ந்திருந்தது. நிலைமையைக் கண்டதும் ஒன்றும் கேளாமல் கயிற்றை அவிழ்த்தனர். முதியவர் சோற்றுச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். “வண்டி கெடக்கட்டும் பாய், நீங்க வாங்க” என்றார். வீட்டையும் வலையையும் இழந்த மனிதர், உதவ வந்த எனக்கு உதவி செய்துகொண்டு முன்னால் நடந்தார். ஒற்றைக் கையில் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் சென்றேன். பாதிவழியில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டி நீர் கேட்டார். எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ! நான் வண்டியோடு போராடிய நேரம் முழுவதும் அவருடைய தாகத்தின் நேரம் என்பதை அப்போதே உணர்ந்தேன்.

மேஸ்திரியின் பட்டறை ஒரு மாதத்துக்கு மேல் பூட்டியிருந்தது. அவருடைய உறவினர் பலர் தேவனாம்பட்டினத்தில் இருந்தனர். பட்டறை மீண்டும் திறந்தபோது வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றேன். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உறையைக் கழற்றினார். கட்டைகளின் பட்டை கருகிக் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருந்தது. கிண்ணத்தின் உட்புறத்தில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. வில்களை விரலால் அழுத்திப் பார்த்தார். அவை தாம் போட்டவை அல்ல என்பதை அறிந்துகொண்டார். “எப்ப மாத்துனீங்க?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூதாட்டியைப் பற்றியும் சொன்னேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் என்னை அருகே உட்காரவைத்துக்கொண்டு வேலை செய்தார். பாடம் நடத்திய ஆசிரியர் அவர், மாணவன் நான். அவர் கற்பித்த முறையை வரிசையாகத் தருகின்றேன்.

முதலில் கிளட்சைத் தொடாதே. இயந்திரத்தைச் சூடேறவிட்டு, அதன் ஓய்வு நிலைச் சுழற்சியைச் சீராக்கு. ஓய்விலேயே இயந்திரம் வேகமாகச் சுழன்றால், எந்தக் கிளட்சும் விடாது. நின்ற இடத்திலேயே வண்டி இழுக்கும். காற்று வடிகட்டியைத் துடை. சங்கிலித் தொய்வைச் சரிசெய். பிரேக் எங்கேனும் உராய்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார். இவற்றின் குறைகளையெல்லாம் மக்கள் கிளட்சின்மீது ஏற்றிவிடுகின்றனர். இரண்டாவதாக, எண்ணெயைப் பார். இவ்வகைக் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி உழைப்பது. தகாத எண்ணெய் ஊற்றினால் வழுக்கும். மூன்றாவதாகவே உறையைக் கழற்று. பட்டை தேய்ந்திருந்தால் எல்லாக் கட்டைகளையும் ஒருசேர மாற்று. வில்களையும் அவ்வாறே, ஒன்று இளகி, ஒன்று இறுகியிருந்தால் கட்டைகள் வெவ்வேறு நேரத்தில் பற்றி வண்டி நடுங்கும். இளகிய வில் முந்திப் பற்றும்; இறுகிய வில் பிந்திப் பற்றும். புதுப்பட்டை கிண்ணத்தோடு படியும் வரை சில நாள்கள் சுமை ஏற்றாதே.

“வில்லை மாத்துறதே தப்புன்னு சொல்லல” என்றார் முடிவில். “மணல்ல வெறும் வண்டியா ஓடுறவனுக்கு அது சரி. உங்களுக்கு எது வேணும்? சுமையோட போகணுமா, துள்ளிப் போகணுமா? அதை முடிவு பண்ணிட்டு வில்லைத் தொடணும்.”

பழைய வகை வில்களையே பொருத்தச் சொன்னேன்.

ஏழு ஆண்டுகள் கழித்து அப்பாடத்துக்குத் தேர்வு வந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வெள்ளிக்கிழமை அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. மரங்கள் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் முறிந்தன; பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் அழிந்தன. பல நாள்கள் மின்சாரம் இல்லை; அதனால் குழாய்களில் நீரும் இல்லை. என் மாணவர்களின் வீடுகளுக்கு நீர் கொண்டுசென்றேன். இம்முறை இரண்டே கேன்கள். சேறு மிகுந்த இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு உடன் நடந்தேன். ஒரு நடைக்கு இரு நடை, மூன்று நடை ஆயிற்று. ஆனால் எந்த வாசலிலும் வெறுங்கையோடு நிற்கவில்லை. கிளட்சும் கருகவில்லை.

இன்று மேஸ்திரி இல்லை. 2015இல் நான்கு வீச்சு இயந்திரத்தோடு எக்ஸ்.எல். 100 வந்தபோதும் தானியங்கிக் கிளட்ச் தொடர்ந்தது. மின்கலத்தில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்சே தேவையில்லை என்கின்றனர். இருக்கட்டும். அவர் கற்பித்தது வண்டியோடு முடிந்துவிடுவதில்லை.

துபாய் மாணவரிடம் வருகிறேன். மலையிலும் மணலிலும் ஓடும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தானியங்கிக் கிளட்சுகளை ரெக்லூஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் செய்கின்றன. அவற்றில் பிறைக் கட்டைகளுக்கு மாறாக, தட்டுகளின் நடுவே விரியும் எடைகள் உண்டு. கிளட்ச் பிடியும் இருக்கும்; இயந்திரத்தை முடுக்கும்போது அப்பிடி தானாகச் சற்றே உள்நோக்கி நகர வேண்டும். ஒரு ரப்பர் வளையத்தைப் பிடியில் மாட்டிவைத்து அதைக் கண்டறிவர். நகர்வு குறைந்தால் தட்டுகள் முழுதாகப் பற்றா, வழுக்கி எரியும். நகர்வு மிகுந்தால் முழுதாக விடா, வண்டி இழுக்கும். ஊர் வேறு, வண்டி வேறு. ஆனால் மேஸ்திரியின் நீதி அதுவே.

“முதலில் கிளட்சைத் தொடாதீர்கள். இயந்திரம் சூடேறிய பின் ஓய்வு நிலைச் சுழற்சியைப் பாருங்கள்” என்றேன். மறுநாள் அழைத்தார். வண்டி அணைந்துவிடக் கூடாது என்று பொருத்தும்போது யாரோ அச்சுழற்சியை உயர்த்தி வைத்திருந்தார்களாம். திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பியதும் வண்டி அமைதியாக நின்றதாம்.

மாணவச் செல்வங்களே! விபத்துக்குப் பின் நானும் சில ஆண்டுகள் அரைப்பிடியில்தான் வாழ்ந்தேன். இழந்த விரல்களை விடவும் இல்லை. இருந்த விரல்களை முழுதாகப் பற்றவும் இல்லை. அதனால்தான் வலிமையைக் காட்ட வேண்டும் என்னும் ஆசை வந்தது. அந்த ஆசையே நான்கு கேன்களை ஏற்றச் செய்தது. நீங்கள் கற்கும் கல்வியாயினும், ஏற்கும் பொறுப்பாயினும், பற்றினால் முழுதாகப் பற்றுங்கள். விட வேண்டியதை முழுதாக விடுங்கள். இரண்டுக்கும் முன்னர், உள்ளத்தின் ஓய்வு நிலையைச் சீராக்கிக்கொள்ளுங்கள்.

என் இடக்கையின் இரு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. அன்று சோற்றுச் சட்டியைத் தலையில் சுமந்து சென்ற அந்த முதியவரின் பெயரையும் நான் கேட்காமல் விட்டுவிட்டேன். தொழுகைக்குப் பின் கையேந்தும்போது, பெயரறியாத அவருக்காகவும், பட்டறையில் எனக்கு ஆசிரியராயிருந்த அண்ணனுக்காகவும் நன்றியோடு வேண்டுகிறேன். இறைவன் நம் அனைவர்க்கும் நல்லருள் புரிவானாக!